என்னிடம்தான் முதலில் வந்தாள்

உட்காருங்கள். ஜன்னலோரம் மட்டும் கேட்காதீர்கள், தரமாட்டேன். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் ஏறி இந்த இடத்துக்காக இரண்டு பேரிடம் சண்டை போட்டாயிற்று. பொள்ளாச்சியா? நானும் அங்கேதான். பையைக் கீழே வையுங்கள், யாரும் எடுத்துக்கொண்டு ஓடமாட்டார்கள்.

பஸ்ஸில் வந்து பழக்கமில்லாதவள் என்று என்னைப் பார்த்தாலே தெரிகிறது, இல்லையா? வீட்டில் கார் நிற்கிறது. டிரைவரும் இருக்கிறான். ஆனால் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டிரைவருக்கு வார விடுமுறையாம். வருஷக்கணக்காக எங்கள் வண்டியை ஓட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை இருப்பதே தெரியாது. சஹானா வந்து சொல்லிக் கொடுத்தாள். இப்போது போன் செய்தால் அவன் பெண்டாட்டி எடுத்து, "அவரு லீவுங்கம்மா" என்கிறாள். இதென்னவோ அவர் கலெக்டர் ஆபீஸில் இருந்து லீவு போட்ட மாதிரி.

சஹானா யாரா? அதைத்தான் சொல்ல வருகிறேன். நான் இழுத்துப் பேசுகிற ஆள் இல்லை. வழியில் கிணத்துக்கடவு வருவதற்குள் முடித்துவிடுவேன்.

எங்களுக்குக் கணபதி ஏரியாவில் கிரைண்டர் மோட்டார் செய்கிற பட்டறை. பட்டறை என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்கு இப்போதெல்லாம் முகம் சுளிக்கிறது. யூனிட் என்று சொல்ல வேண்டுமாம். முன்னால் வீடு, பின்னால் யூனிட். என் சமையலறைப் பின்கதவைத் திறந்தால் பட்டறை முற்றம். செப்புக் கம்பி சுற்றுகிற வேலையெல்லாம் பெண்கள்தான். இருபது இருபத்தைந்து பெண்கள் எப்போதும் இருப்பார்கள்.

அந்தப் பின்கதவுதான் எங்கள் ஆபீஸ். ஆமாம், என் ஆபீஸ். எவளுக்கு லீவு வேண்டுமென்றாலும் என்னிடம். எவள் வீட்டுக்காரன் குடித்துவிட்டு அடித்தாலும் என்னிடம். மகளுக்குச் சீர் வைக்க முன்பணம் வேண்டுமா, என்னிடம். "அம்மா, நீங்க ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்" என்று வந்து நிற்பார்கள். நான் குழம்பைத் தாளித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்வேன். சில பேருக்குக் கொடுக்கச் சொல்வேன், சில பேரை அதட்டி அனுப்புவேன். கோர்ட்டா, வாய்தாவா? ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். நான் குன்னூர் கான்வென்ட்டில் படித்தவள். மதர் சுப்பீரியர் எங்களை எப்படி நடத்தினாரோ அப்படித்தான் நானும் அவர்களை நடத்தினேன்.

அப்புறம் ஒரு பெரிய கம்பெனி எங்களிடம் மோட்டார் வாங்குகிறேன் என்று வந்தது. வாங்குவதற்கு முன்னால், உங்கள் ஆட்களுக்கு நியமன ஆணை இருக்கிறதா, பி.எஃப். இருக்கிறதா, இ.எஸ்.ஐ. இருக்கிறதா, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தருகிறீர்களா என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி விழித்தார். மோட்டார் எரிந்தால் மோந்து பார்த்தே எந்தக் கம்பிச் சுருள் என்று சொல்லிவிடுவார், மற்றதெல்லாம் அவருக்குச் சுத்தம். யாரோ சொல்லி, தொழிலாளர் சட்டம் பார்த்துக் கொடுக்கிற பெண் என்று இந்தச் சஹானாவைக் கூட்டி வந்தார்.

முப்பது வயது இருக்கும். அழகி என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அழகியாக இருந்திருந்தால் நானும் நிம்மதியாகச் சந்தேகப்பட்டிருப்பேன். கைத்தறிச் சேலை, ஒரு வாட்ச், அவ்வளவுதான். பவுடர்கூடக் கிடையாது. ஆனால் அவள் பேசினால் இவர் பேனாவை எடுத்துக் குறிப்பெழுதுவார். என் கல்யாணத்துக்கு முந்தி எனக்கு எழுதின கடிதத்திலேயே நாலு வரிக்கு மேல் எழுதாத மனுஷன்!

முதல் நாளே என்ன செய்தாள் தெரியுமா? ஆட்கள் பெயரையெல்லாம் பதிந்துகொண்டு வந்தவள் என்னைப் பார்த்து, "மேடம், நீங்க கம்பெனியில என்ன பொறுப்புல இருக்கீங்க?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். இவரைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார். "அவங்க வீட்ல இருக்காங்க" என்றார். வீட்ல இருக்காங்க! உத்தரத்தில் பல்லி இருக்கிற மாதிரி.

அதற்கப்புறம் வீட்டில் காற்றே மாறிவிட்டது. இஸ்திரி போட்ட சட்டை. சர்க்கரை இல்லாத டீ, அவள் அப்படித்தான் குடிப்பாளாம். ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு முழுக்க 'சஹானா சொன்னாங்க'தான். பிரசவத்துக்கு இருபத்தாறு வாரம் சம்பளத்தோடு லீவு என்று அவள் சொன்னாளாம், இவர் உடனே சரி என்றாராம். எனக்கு மூத்தவன் பிறந்தபோது பதினாறாம் நாள் தோசைக்கல்லைப் பிடிக்க வைத்த குடும்பம் இது. 'பொண்ணுகளுக்குக் கழிப்பறை தாழ்ப்பாள் சரியில்லை, மாத்துங்க' என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? காதிலேயே விழவில்லை. அவள் சொன்னாள், மறுநாள் கதவே புதுசு. அவள் சொன்னால் சட்டம், நான் சொன்னால் புலம்பல்.

சரி, இதையும் பொறுத்தேன். பின்கதவு காலியானதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒருத்தி வரவில்லை. சஹானா வியாழக்கிழமை வருவாள். அன்றைக்கு ஸ்டோர் ரூம் வாசலில் பெண்கள் வரிசை கட்டி நிற்பார்கள். அடுப்படி ஜன்னலில் இருந்து எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே போகும்போது இறுகின முகமாகப் போகிறவள் வெளியே வரும்போது மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அப்படி என்னதான் மருந்து வைத்திருக்கிறாளோ. அந்த மருந்துக்கு என் வீட்டுக்காரரும் ஒரு வாய் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. எந்தப் பெண்ணுக்கும் தோன்றும். உங்களுக்குத் தோன்றாதா?

பிறகு கமிட்டி வந்தது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் பெண்களிடம் யாராவது தப்பாக நடந்தால் விசாரிக்க ஒரு கமிட்டி வைக்க வேண்டுமாம். அதற்குத் தலைவி ஒரு பெண்ணாக இருக்க வேண்டும் என்று இவர் வந்து சொன்னார். நான் மறுநாளே பட்டுச்சேலையை அயர்ன் பண்ணக் கொடுத்துவிட்டேன். வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் சஹானா என்ன சொன்னாள் தெரியுமா? "மேடம், தலைவி இங்க வேலை பார்க்கிறவங்களா இருக்கணும். சீனியரா இருக்கணும். ருக்குமணியக்காவைப் போடலாம்." ருக்குமணி! கம்பி சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷனில் மூத்தவள், சரி. நேற்று வரை என் பின்கதவில் முன்பணத்துக்கு நின்றவள்.

"எனக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அடிச்சுக் கொடுங்க. பத்து வருஷத்துக்கு முந்தின தேதி போட்டு" என்று இவரிடம் கேட்டேன். இவர் தலையாட்டினார். சஹானாதான், "சார், பழைய தேதி போட்டா அது பொய்யான ஆவணம்" என்றாள். பொய்யாம்! என் உழைப்புப் பொய்!

அவளுக்கே ஒரு குற்றவுணர்ச்சி வந்திருக்க வேண்டும். கமிட்டி தொடங்குகிற கூட்டத்தில் என்னைக் குத்துவிளக்கு ஏற்றச் சொன்னாள். இரண்டு வார்த்தை பேசவும் சொன்னாள். நான் விடுவேனா? கான்வென்ட்டில் பேச்சுப்போட்டியில் வருஷா வருஷம் முதல் பரிசு எனக்குத்தான். எல்லாரும் கம்பிச் சுருள்களுக்கு நடுவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரே குறி. முன்வரிசையில் இவர், பக்கத்து நாற்காலியில் அவள். இரண்டு பேருக்கும் உறைக்கிற மாதிரிப் பேச வேண்டும்.

"யாருக்கும் பயப்படாதீர்கள்" என்று ஆரம்பித்தேன். "தப்பு செய்தவன் யாராக இருந்தாலும் வாய் திறந்து சொல்லுங்கள். முதலாளியானாலும் சரி, முதலாளிக்குச் சொந்தக்காரன் ஆனாலும் சரி, இந்த லதாம்மா உங்கள் பக்கம் நிற்பாள்!"

சொந்தக்காரன் என்பதை ஒரு ஓசைக்காகச் சேர்த்தேன். மேடையில் பேசினால் உங்களுக்கே தெரியும், ஒன்றோடு நிறுத்தினால் வாக்கியம் நொண்டும். ஆனால் பாருங்கள், முதலாளி என்றபோது அவர்கள் சும்மா இருந்தார்கள். சொந்தக்காரன் என்றதும் கைதட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல். பின்வரிசையில் ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள். என் பேச்சின் மகிமை என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை, எழுந்து நின்ற அந்தப் பெண் புகார் கொடுத்தாள். யார் மேல் என்று நினைக்கிறீர்கள்? என் தம்பி தனபால் மேல்.

பெண்ணின் பெயரைச் சொல்லக்கூடாதாம், சட்டம். நானும் சொல்லமாட்டேன். மூன்றாவது மேசையில், கதவு ஓரம் உட்கார்ந்து கம்பி சுற்றுகிற பெண் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

தனபால் எங்கள் யூனிட்டில் சூப்பர்வைசர். நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். கலகலப்பான பையன். தோளைத் தட்டிப் பேசுவான், குனிந்து வேலை சொல்லிக் கொடுப்பான், ஸ்டோர் ரூமுக்குள் கம்பி எடுக்கப் போனால் கூடப் போய் விளக்குப் போட்டுக் கொடுப்பான். அவன் சுபாவம் அது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எங்கள் வீட்டில் வேலைக்கு வந்த பெண்கள்கூட அவனால் இரண்டு மூன்று பேர் நின்றுபோனார்கள். கிண்டல் தாங்காத பிள்ளைகள்.

அன்று மாலையே ஓடி வந்தான். அடுப்படியில் என் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, அந்தப் புள்ள உன்கிட்ட எப்பவாச்சும் வந்து ஏதாச்சும் சொல்லிச்சா?"

"வந்தாள். கார்த்திகை மாசம்."

"என்னன்னு?"

"என்னவாக இருக்கும்? நீ ஸ்டோர் ரூம்ல கையைப் பிடிச்சியாம்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அதை மட்டும் சொல்லீராதக்கா. யாரும் எதுவும் சொல்லலைன்னு சொல்லு. அவ இப்பத்தான் புதுசா கதை கட்டுறான்னு ஆயிரும். எனக்கு வேற சாட்சி இல்லைக்கா. உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

நான் சத்தியம் செய்தேன். கூடப் பிறந்தவனுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது? விசாரணைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. என் தம்பி நல்லவன் என்று சொல்ல நானே வருகிறேன் என்று ஆள் அனுப்பினேன்.

மாடியில் சாம்பிள் ரூமில் விசாரணை. நடு நாற்காலியில் ருக்குமணி. எனக்கு எழுந்துகூட நிற்கவில்லை. "உக்காருங்கம்மா" என்கிறாள், என் வீட்டு மாடியில் என்னை! பக்கத்தில் இன்னும் இரண்டு பேர், அப்புறம் வெளியிலிருந்து ஒரு அம்மா. பெண்கள் சங்கத்தில் இருக்கிறவராம், நரைத்த தலை, நிதானமான ஆள். ஓரத்தில் சஹானா. அவள் கமிட்டியில் இல்லை, நடப்பதை எழுதுகிறவள் மட்டும். எழுதட்டும்.

நான் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். தம்பியின் குணம், குடும்பம், கோயில் கும்பாபிஷேகத்துக்கு அவன் ஓடியாடி வேலை செய்தது எல்லாம் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கிளம்பலாம் என்று எழுந்தேன். அப்போது அந்த வெளியாள் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "புகார் கொடுத்த பொண்ணு ஒண்ணு சொல்லுது. இவ்வளவு நாள் ஏம்மா சொல்லலைன்னு கேட்டோம். சஹானா மேடம் வர்ற வரைக்கும் சொல்றதுக்கு இங்க ஆளே இல்லைங்கன்னு சொல்லுச்சு. அது உண்மையா மேடம்?" என்றார்.

ஆளே இல்லை.

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. சஹானா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆளே இல்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்! நேற்று வந்தவள். இவள் வருவதற்கு முந்தி இந்தப் பட்டறையில் பெண்களே இல்லையா, கண்ணீரே இல்லையா? அத்தனை வருஷம் அந்தப் பின்கதவில் நின்றது யார், பேயா?

"ஆளில்லையா?" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நான் என்ன செத்தா போனேன்? அவள் என்னிடம்தான் முதலில் வந்தாள்! கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள். ஸ்டோர் ரூமில் தனபால் கையைப் பிடித்து இழுத்தான், ரவிக்கை கிழிந்தது என்று என்னிடம்தான் சொன்னாள். கிழிந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன். நானே ஊக்குப் போட்டு விட்டேன். இந்தச் சஹானா வந்து கண்டுபிடித்தாளாக்கும்! இதை எழுது சஹானா. முதலில் என்னிடம் என்று எழுது."

எழுதினாள். என் கண் முன்னால் எழுதினாள். எனக்கு மனசு ஆறியது. நான் பொய் சொல்லுகிறவள் இல்லை பாருங்கள்.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்ப நீங்க என்ன செஞ்சீங்க மேடம்?"

"செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். எங்கள் வீட்டு டம்ளரிலேயே கொடுத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆம்பளை என்றால் அப்படித்தான் இருப்பான், நாம்தான் ஒதுங்கி நடக்க வேண்டும் என்று புத்தி சொன்னேன். வைண்டிங்கில் இருந்தால் ஸ்டோர் ரூமுக்குப் போக வேண்டி வரும் என்று மறுநாளே அவளைப் பேக்கிங்குக்கு மாற்றச் சொன்னேன். சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் பத்திரம். அப்புறம் அவளே அழுது கேட்டுத்தான் திரும்ப வைண்டிங்குக்குப் போனாள். என் தம்பியிடமும் ஒரு வார்த்தை சொன்னேன், ஊர் வாயில் விழாதேடா என்று."

ருக்குமணி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சஹானாவின் பேனா நின்றுவிட்டது. சட்டம் பேசுகிற இத்தனை பேருக்கும், சட்டமே இல்லாமல் ஒருத்தி இவ்வளவு செய்திருக்கிறாளே என்று வாயடைத்துப் போயிருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். கம்பெனிக் காகிதத்தில் முதல் முதலாக என் பெயர். எங்கே என்று நினைக்கிறீர்கள்? சாட்சி இரண்டு. சாட்சி ஒன்று யாரோ தண்ணீர் கொண்டு வருகிற பாட்டியாம். அவள் கதவுக்கு வெளியே சத்தம் கேட்டாளாம். கேட்டவள் ஒன்று, பார்த்தவள் இரண்டா? அதற்கும் சண்டை போட்டேன். "வரிசை பெருசில்லைங்கம்மா, நீங்க சொன்னதுதான் பெருசு" என்றாள் ருக்குமணி. அவள் குரலில் என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

படியிறங்கும்போது தனபால் கீழே நின்றிருந்தான். என் முகத்தில் வெற்றியைப் பார்த்துவிட்டு அவனும் சிரித்தான். பாவம். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் எனக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது.

கமிட்டி அவனை வேலையை விட்டு நீக்கச் சொன்னது. இவர் நீக்கினார். மச்சான் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. ராத்திரி என்னிடம் வந்து, "நீ உண்மையைச் சொன்னது பெரிய விஷயம் லதா. சஹானாகூடச் சொன்னாங்க, உன் சாட்சி இல்லைன்னா அந்தப் பொண்ணுக்கு நியாயம் கிடைச்சிருக்காதுன்னு" என்றார். சஹானாவும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தேங்க்ஸ் மேடம்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு நன்றி சொல்ல இவள் யார்? என் வீட்டில், என் தம்பியை, என் வாயால் அனுப்பிவிட்டு எனக்கே தேங்க்ஸ்!

தனபால் பெண்டாட்டியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்கே போய்விட்டான். அப்பா கட்டின வீடு அங்கே சும்மா கிடந்தது. என்னோடு பேச்சு இல்லை. ஆடிப் பெருக்குக்குச் சீர் வரவில்லை. என் பிறந்த வீட்டுக் கதவு அப்படியே சாத்திக்கொண்டது. அதைக்கூட விதி என்று விட்டிருப்பேன்.

நேற்றுக் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே இவர் சொல்கிறார்: "வளர்மதிக்கு வேலை கிடைச்சிருச்சு தெரியுமா? நெகமம் பக்கம் தேங்காய் நார் மில்லுல, கணக்கு எழுத. சஹானா அங்கேயும் வேலை பார்க்கிறாங்க. வளர்மதி அவங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டுதாம்."

வளர்மதி என் தம்பி பெண்டாட்டி. பி.காம். படித்தவள், வாய் பேசாத பெண். புருஷனை வேலையை விட்டு அனுப்பியவளிடமே போய் வேலை கேட்டிருக்கிறாள். வேலை மட்டும் கேட்கவில்லை. போனில் ரொம்ப நேரம் அழுதாளாம். என்ன சொல்லி அழுதாள் என்று சஹானாவுக்குப் போன் போட்டேன். "அது அவங்க என்கிட்ட நம்பிச் சொன்னது மேடம், நான் சொல்லக்கூடாது" என்கிறாள். என் குடும்பத்துக் கண்ணீரை என்னிடமே பூட்டி வைக்கிறாள்!

அதற்குத்தான் போகிறேன். சண்டைக்கு இல்லை. தனபால் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போவான், வளர்மதி தனியாக இருப்பாள். வாசலில் நின்றே கேட்டுவிட்டு வந்துவிடுவேன். ஒரே கேள்விதான். ஏன் கண்ணு என்னிடம் வரவில்லை? நான் உன் நாத்தனார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். உன் கன்னம் வீங்கியிருந்த அன்றைக்கெல்லாம் பல்வலியா என்று நானாகத்தானே கேட்டேன்? நீயும் ஆமாம் அண்ணி என்றுதானே சொன்னாய்? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை முதலில் என்னிடம் சொல்லியிருக்கலாமே?

நீங்களே சொல்லுங்கள், சொல்லியிருக்கலாம் இல்லையா?

என்ன பார்க்கிறீர்கள்? வாயைத் திறக்கிறீர்கள், தெரிகிறது. சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்றுதானே? வேண்டாம். கேட்காதீர்கள். ராத்திரி முழுக்க அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.